நாலு தங்கம் வாங்கியவர் ஏன் துணைப் பயிற்சியாளராக நிற்கிறார்?

கேள்வி: மான்ட்ரியலில் படிக்கும் என் மகள், கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றுக்குப் போய் வந்தாள். பெஞ்சுக்குப் பின்னால் நின்ற துணைப் பயிற்சியாளர் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் என்கிறாள். நம்பும்படி இல்லையே? உண்மை என்றால், அப்பேர்ப்பட்டவர் ஏன் ஒரு கல்லூரி அணியில், அதுவும் துணையாக இருக்கிறார்?

பதில்: உங்கள் மகள் சொன்னதில் ஒரு சொல் கூட மிகை இல்லை. அவர் பார்த்தது கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் ஸ்டிங்கர்ஸ் அணியாக இருக்க வேண்டும். அங்கே நின்றவர் கரோலின் வெலெட். ஆங்கில எழுத்தில் அந்தக் குடும்பப் பெயர் ஒன்பது எழுத்து நீளும், வாயில் வருவது 'வெலெட்' மட்டும்தான். எழுத்துகளைச் செலவழிப்பதில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

சால்ட் லேக் சிட்டி 2002, டுரின் 2006, வான்கூவர் 2010, சோச்சி 2014. நான்கு ஒலிம்பிக், நான்கு தங்கம். இந்த நான்கிலுமாகக் கனடாவின் பெண்கள் அணி ஆடியது 20 ஆட்டங்கள். வென்றதும் 20. 2023-ல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் வெலெட்டைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அவரோடு சேர்ந்தவர்களில் ஸ்வீடனின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டும் ஒருவர். ஆண்கள் ஹாக்கி பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயரே போதும்.

உங்கள் மகள் இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டார். வெலெட்டுக்குப் பக்கத்தில் நின்ற தலைமைப் பயிற்சியாளர் ஜூலி சூ. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர், தந்தை வழியில் சீன வம்சாவளி. அமெரிக்க ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி அணியில் ஆடிய முதல் ஆசிய அமெரிக்கர் அவர்தான். அவரும் அதே நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார். கிடைத்தது மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம். அந்த மூன்று வெள்ளியும் வெலெட்டின் அணியிடம் இறுதி ஆட்டத்தில் தோற்று வாங்கியவை. ஆக, தோற்றவர் தலைமை, வென்றவர் துணை. போதாக்குறைக்கு இருவரும் ஒருவரையொருவர் மணம் முடித்தவர்கள், இரண்டு பெண் குழந்தைகளின் தாய்மார்கள். கதையாக யாராவது எழுதினால் 'ரொம்ப ஜோடித்திருக்கிறீர்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"ஏன் துணையாக" என்ற கேள்விக்குப் பதில் வெலெட் ஆடிய விதத்திலேயே பாதி கிடக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1979-ல் மான்ட்ரியலில் பிறந்தவர். பெண்கள் ஹாக்கிக்கு உலக சாம்பியன்ஷிப் என்று ஒன்று 1990-ல்தான் வந்தது, ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1998 நாகானோவில். அப்படியென்றால் அவர் சிறுமியாக இருந்தபோது, 'பெரியவளானதும் இதை ஆடுவேன்' என்று கை நீட்டிக் காட்ட எதுவுமே இல்லை. க்யூபெக்கின் காவல் பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்தவர் அவர். ஹாக்கி இல்லாவிட்டால் போலீஸ்காரராக ஆகியிருப்பார். 1999-ல் கனடா அணியில் உலக சாம்பியன்ஷிப் ஆடி முதல் தங்கம். அடுத்த இரண்டு ஆண்டும் தங்கம்.

2002 சால்ட் லேக் சிட்டி இறுதி ஆட்டம் கனடாவில் இன்றும் பேசப்படுவது. ஒலிம்பிக்குக்கு முந்தைய மாதங்களில் கனடாவும் அமெரிக்காவும் எட்டு முறை மோதின. எட்டிலும் அமெரிக்கா. இறுதி நடந்ததும் அமெரிக்க மண்ணில், அமெரிக்கக் கூட்டத்துக்கு முன்னால், அமெரிக்க நடுவரோடு. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள் முதல் கோல் விழுந்தது. போட்டவர் 22 வயது வெலெட். அதன் பிறகு நடுவர் கனடாவுக்கு எதிராகத் தொடர்ந்து எட்டு பெனால்டி கொடுத்தார். ஐஸ் ஹாக்கியில் பெனால்டி என்றால் ஓர் ஆள் இரண்டு நிமிடம் கூண்டில் உட்கார வேண்டும், மிச்சமிருப்பவர்கள் நான்கு பேராக எதிரணியின் ஐவரைச் சமாளிக்க வேண்டும். அதை எட்டு முறை செய்துவிட்டு 3-2 என்று ஜெயித்தார்கள். தோற்ற அணியின் ஓரத்தில் 19 வயதில் ஜூலி சூ இருந்தார்.

அடுத்த சந்திப்புக்கு ஓராண்டுதான் ஆனது. இந்த முறை கல்லூரி அளவில். வெலெட் அமெரிக்காவின் மின்னசோட்டா டுலூத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், சூ ஹார்வர்டில். டுலூத் சுப்பீரியர் ஏரிக் கரையில் உள்ள துறைமுக ஊர், குளிர் எலும்பில் ஏறும். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஷானன் மில்லர், நாகானோவில் கனடா அணிக்குப் பயிற்சி தந்தவர். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் பெண்கள் ஹாக்கிப் பட்டம் 2001-ல் தொடங்கியது, முதல் மூன்றையும் டுலூத்தே தட்டிச் சென்றது. அந்த மூன்றாவது, 2003 இறுதி, டுலூத்திலேயே நடந்தது, ஹார்வர்டுக்கு எதிராக. வழக்கமான நேரம் முடிந்து, முதல் கூடுதல் நேரமும் முடிந்து, இரண்டாவது கூடுதல் நேரத்தில்தான் டுலூத் 4-3 என்று ஜெயித்தது. சூவுக்கு அது முதலாண்டு. அடுத்த இரண்டு ஆண்டும் ஹார்வர்டு இறுதிக்குப் போய் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திடம் தோற்றது. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான பேட்டி காஸ்மையர் விருதை 2007-ல் வாங்கிய சூ, அந்தத் தேசிய ஹாக்கிப் பட்டம் ஒன்று கூட இல்லாமல் ஹார்வர்டை விட்டு வெளியே வந்தார்.

இனி எண்களுக்கு வருகிறேன். டுலூத்தில் வெலெட் 97 ஆட்டங்களில் போட்ட கோல் 92. கொடுத்த அசிஸ்ட், அதாவது கோலாக முடிந்த பாஸ், 137. கனடாவுக்காக 220 ஆட்டங்களில் 87 கோல், 155 அசிஸ்ட். கோலை விட பாஸ் டுலூத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, கனடாவுக்கு அதற்கும் மேல். ஐஸ் ஹாக்கியில் கோல் போட்டவருக்கும் ஒரு புள்ளி, அதற்குப் பாஸ் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. அதற்கும் முன்னால் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை, தொட்டுக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி உண்டு. கால்பந்தில் பெரும்பாலும் கோல் போட்டவரின் பெயர்தான் பலகையில் ஏறும், இங்கே மூன்று பேர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வெலெட்டின் பெயர் அதிகமும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாசிக்கப்பட்ட பெயர்.

அதற்காக முன்னால் வரத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2012 உலக சாம்பியன்ஷிப், அமெரிக்காவின் பர்லிங்டன் நகரம். தொடக்க ஆட்டத்திலேயே அமெரிக்கா கனடாவை 9-2 என்று துவைத்துக் காயப்போட்டது. பெண்கள் ஹாக்கியில் இந்த இரு நாடுகளுக்கிடையே ஒரு கோல் வித்தியாசமே வழக்கம், ஏழு கோல் என்பது அவமானம். அதே அணிகள் இறுதியில் மறுபடி சந்தித்தன, 4-4 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. வெற்றி கோல் வெலெட்டுடையது. எதிரணியில் சூ.

உலக சாம்பியன்ஷிப் பதக்கப் பட்டியலை வைத்துப் பார்த்தால் இந்த இருவர் கதை சீசா பலகை மாதிரி இருக்கும். 2005, 2008, 2009, 2011, 2013 தங்கம் சூவுக்கு. 2001, 2004, 2007, 2012 வெலெட்டுக்கு. ஒருவர் கழுத்தில் தங்கம் என்றால் மற்றவர் கழுத்தில் வெள்ளி. வேறு நாட்டுக்காரர் நடுவில் வரவே இல்லை.

சோச்சிக்கு வருவோம். 2013 டிசம்பரில், ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கனடாவின் தலைமைப் பயிற்சியாளர் திடீரென்று விலகினார். புதிதாக வந்த கெவின் டினீன் செய்த முதல் காரியங்களில் ஒன்று கேப்டனை மாற்றியது. அதுவரை கேப்டன் ஹேலி விக்கன்ஹைசர். பெண்கள் ஹாக்கி என்றாலே உலகம் சொல்லும் பெயர் அது. அவருக்குப் பதிலாக வெலெட். நம் ஊரில் ஒரு கிரிக்கெட் அணியில் இப்படி நடந்திருந்தால் தொலைக்காட்சிகளுக்கு ஒரு மாதத்துக்குத் தீனி. இங்கே விக்கன்ஹைசர் துணைக் கேப்டனாக ஆடினார், வெலெட் கேப்டனாக ஆடினார். அணி உடையவில்லை.

இறுதி ஆட்டத்தில் மூன்றரை நிமிடம் மிச்சமிருக்கும்போது அமெரிக்கா 2-0 முன்னிலை. பிரியான் ஜென்னர் ஒன்றைத் திருப்பினார். கனடா கோல்கீப்பரை வெளியே இழுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியது. காலி வலை. அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக் தொலைவிலிருந்து அடித்த பக் அந்தக் காலி வலையை நோக்கி மெதுவாக வழுக்கிப் போனது. நானும் தொலைக்காட்சி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். கம்பத்தில் பட்டு விலகியது. இரண்டு அங்குலம் உள்ளே போயிருந்தால் இந்தப் பதிலை நான் வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன். 54.6 விநாடி இருக்கும்போது மேரி ஃபிலிப் பூலின் சமன் செய்தார், கூடுதல் நேரத்திலும் அவரே முடித்தார். கேப்டனாகத் தங்கம் வாங்கினார் வெலெட். நான்காவது முறையும் தங்கம் இல்லாமல் திரும்பிய சூவை, நிறைவு விழாவில் தேசியக் கொடி ஏந்த அமெரிக்கக் குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது "ஏன் கல்லூரி" என்பதற்கு. காசு என்பதுதான் நேரடியான பதில். ஆண்களின் ஹாக்கியில் ஒரு நடுத்தர ஆட்டக்காரர் ஓய்வு பெறும்போது வாழ்நாளுக்கு வேண்டியது வங்கியில் இருக்கும். வெலெட் தலைமுறைப் பெண்களுக்கு அப்படி இல்லை. 2007-ல் தொடங்கிய கனடிய மகளிர் லீக், வீராங்கனைகளுக்குச் சம்பளம் என்று ஒன்றைக் கொடுக்கத் தொடங்கியது 2017-ல்தான். அதுவும் ஒரு சீசனுக்கு 2,000 முதல் 10,000 டாலர். மாதத்துக்கு அல்ல, சீசனுக்கு. மான்ட்ரியலில் இரண்டு மாத வாடகைக்கு அதில் கீழ்த்தொகை காணாது. 2019-ல் அந்த லீக் மூடப்பட்டது. இன்றுள்ள முழுநேரத் தொழில்முறை லீக் 2024 ஜனவரியில்தான் முதல் ஆட்டத்தை ஆடியது. வெலெட் ஓய்வை அறிவித்தது 2018-ல்.

அப்படியிருக்க, ஹாக்கியை விடாமல், பனித்தளம், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவர், சம்பளம் எல்லாம் ஓரளவு கிடைக்கும் ஒரே இடம் பல்கலைக்கழகம். காலையில் கல்லூரிப் பெண்களுக்குப் பயிற்சி, மாலையில் தன் பயிற்சி, வார இறுதியில் லீக் ஆட்டம். துணைப் பயிற்சியாளர் வேலையில் இது முடியும். தலைமைப் பயிற்சியாளராக இருந்துகொண்டு முடியாது, ஆள் சேர்ப்பும் நிதி திரட்டலும் நிர்வாகக் கூட்டங்களும் நாளைத் தின்றுவிடும். ஆகவே அந்தத் தலைமுறையின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் ஆடிக்கொண்டே துணைப் பயிற்சியாளர்களாக இருந்தார்கள். வெலெட் டுலூத்தில் தான் ஆடிய அணிக்கே திரும்பி வந்து பயிற்சி தந்திருக்கிறார். சூ 2007-08 சீசனில் அதே டுலூத்துக்குத் துணைப் பயிற்சியாளராகப் போனார். அந்த ஆண்டு இறுதியில் டுலூத் விஸ்கான்சினை 4-0 என்று வென்றது. தன்னை 2003-ல் அழவைத்த அணியின் பெஞ்சில் நின்றுதான் சூ முதல் கல்லூரிப் பட்டத்தைப் பார்த்தார்.

அந்த வேலையும் நிரந்தரம் என்று சொல்வதற்கில்லை. ஐந்து தேசியப் பட்டம் வாங்கித் தந்த ஷானன் மில்லருக்கே டுலூத் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் வழக்குப் போட்டு, 2018-ல் பாலினப் பாகுபாடு நடந்தது என்று ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வெலெட்டும் சூவும் மான்ட்ரியலில் ஒரே லீக் அணிக்கு ஆடினார்கள், கனடிய மகளிர் லீக்கின் கிளார்க்சன் கோப்பையைச் சேர்ந்து தூக்கினார்கள். கடைசியாக 2017-ல். அந்த வருடங்களிலேயே இருவரும் கன்கார்டியாவில் பயிற்சி தரத் தொடங்கிவிட்டார்கள். கன்கார்டியா சும்மா கிடந்த அணி அல்ல. கனடியப் பல்கலைக்கழகங்களின் முதல் இரண்டு பெண்கள் ஹாக்கிப் பட்டங்களும், 1998-ம் 1999-ம், அவர்களுடையவை. பிறகு 23 ஆண்டு வறட்சி. சூ தலைமையும் வெலெட் துணையுமாக இருந்த 2022-ல் நிப்பிசிங்கை வென்று வறட்சி தீர்ந்தது. 2023 இறுதியில் மவுன்ட் ராயலிடம் தோல்வி. 2024-ல் டொரன்டோவை வென்று மறுபடி பட்டம். அந்தப் பெஞ்சில் வளர்ந்த எமி ஃபெக்டோ இப்போது தொழில்முறை லீக்கில் சம்பளத்துக்கு ஆடுகிறார். வெலெட்டுக்கு அந்த வயதில் இல்லாமல் போன வசதி.

துணைப் பயிற்சியாளர் என்றால் தண்ணீர் பாட்டில் நீட்டுபவர் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. உங்கள் மகள் உட்கார்ந்த அதே அரங்கில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஷெர்புரூக் தெருவின் மேற்குக் கோடியில், லயோலா வளாகத்தில், எட் மேஹர் அரங்கம். சிறிய இடம், பெஞ்சில் கத்துவது பார்வையாளருக்குக் கேட்கும். கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ இல்லாத ஒன்று இங்கே நடக்கும். ஓர் ஆட்டக்காரர் பனியில் தொடர்ந்து நிற்பது முக்கால் நிமிடம்தான். அதற்குள் நெஞ்சு அடைத்துவிடும். ஆட்டத்தை நிறுத்தாமலே, பக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஐந்து பேர் பலகையைத் தாண்டி உள்ளே குதிப்பார்கள், ஐந்து பேர் வெளியே வருவார்கள். யார் எப்போது குதிப்பது? பொதுவாகப் பயிற்சியாளர்கள் இதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஒருவர் முன்கள வீராங்கனைகளை மாற்றுவார், இன்னொருவர் தடுப்பவர்களை. தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான் சமிக்ஞை. ஒரு தட்டு முன்னால் போனால் பனியில் ஆறு பேர் இருப்பார்கள், அதற்கே பெனால்டி. ஒரு தட்டு பின்தங்கினால் களைத்த கால்கள் எதிரணியின் புதுக் கால்களைத் துரத்தும்.

வெளியே வந்து மூச்சு வாங்கும் பெண்ணிடம் போய் "அந்த மூலையில் ஏன் நின்றாய்" என்று கேட்க வேண்டியவரும் துணைதான். தலைமைப் பயிற்சியாளர் அவளை அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வைக்கக்கூடியவர். அதனால் அவரிடம் அவள் "புரிந்தது" என்று மட்டும் சொல்வாள். துணையிடம்தான் "தெரியவில்லை, பயந்துவிட்டேன்" என்பாள். வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டுவது, பவர் பிளேயில், அதாவது எதிரணி ஆள் கூண்டில் இருக்கும் நேரத்தில், யார் எங்கே நிற்பது என்று வரைவது, இரண்டு மணி நேரம் காரோட்டிப் போய்ப் பள்ளிப் பெண்களின் ஆட்டத்தைப் பார்த்து ஆள் பிடிப்பது, இதெல்லாமும் அதே ஆள். க்யூபெக்கில் பிரெஞ்சு பேசும் வீடுகளிலிருந்து ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழகத்துக்குப் பெண்களை அழைத்து வர வேண்டும் என்றால், அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் பிரெஞ்சில் பேச மான்ட்ரியல்காரரான வெலெட்டைப் போல இன்னொருவர் கிடைப்பாரா என்ன?

எனக்குத் தோன்றுவது இது. தலைமைப் பதவி கைக்கு எட்டாததால் அவர் துணையாக இருக்கிறார் என்பது பொருந்தவில்லை. ஆடிய காலம் முழுக்கப் பக்கைக் கொடுப்பதில்தான் அவர் பிழைப்பு நடந்தது. விக்கன்ஹைசருக்கு மேலே கேப்டனாக வைத்தபோதும் அணி சிதறாமல் இருந்ததற்கு அந்த சுபாவமும் ஒரு காரணம் என்பேன். சூவுக்கும் அது தெரியும். பத்து வருடத்துக்கு மேல் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை அளந்தவருக்கு, அவரை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதா?

அடுத்த முறை மகள் போகும்போது ஸ்டிங்கர்ஸ் பெஞ்சுக்குப் பின்வரிசையில் உட்காராமல் எதிர்ப் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும், எதிரிலிருந்து பார்த்தால் தோள்தட்டுகள் தெரியும். கையுறையும் கனமான சாக்ஸும் கட்டாயம். உள்ளே வெளியை விடக் கொஞ்சம்தான் சூடு, இரும்பு இருக்கை வேறு.